அவருடைய தலையும் அவருடைய தங்கையும்

என் கணவருக்கு மலக்குடலில் புற்றுநோய் வந்தபோது அவரைப் பார்த்துக்கொண்டது நான்தான். ஒப்பரேஷனுக்குப் பிறகு வயிற்றில் ஒரு பை பொருத்தியிருந்தார்கள். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து மாற்ற வேறு யாரையும் அவர் விடவில்லை. கேகாலையில் மருந்துக்கடையொன்றில் வேலை செய்யும் அவருடைய தங்கை ஞாயிற்றுக்கிழமை வந்தால்கூட, அந்த நேரத்தில் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிடுவார். தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். எனக்கோ அதில் ஒரு பெருமை இருந்தது.

ஊசி மருந்தெல்லாம் முடிந்து, மறுபடி தோட்டத்து லொறியை எடுக்கலாம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த சமயம், நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தார். காலையில் எழுந்ததும் வாந்தி, பின்மண்டையில் வலி. கரவனெல்ல ஆஸ்பத்திரியில் காட்டினோம். அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது குடலில் இருந்த நோய் மூளைக்குப் போயிருந்தது. பின்பக்கம் பெரிதாக ஒன்று, முன்பக்கம் சிறிதாக ஒன்று.

அன்றிலிருந்து அவர் தங்கை கைக்குப் போய்விட்டார்.

நான் ஹட்டன் பக்கம் பிறந்து இந்த ரப்பர் காட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள். கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான சிங்களம்தான் எனக்குத் தெரியும். அவள் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவள் பேசினால் தமிழ்ப் பிள்ளை என்று யாரும் சொல்லமாட்டார்கள். டொக்டர் அவளைப் பார்த்தே பேசினார். பேனாவால் தன் தலையையே தொட்டுத் தொட்டுக் காட்டினார். அவள் கேள்வி கேட்டாள், இவர் இடையில் ஏதோ சொன்னார், மூன்று பேரும் சிரித்தார்கள். நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் அவள் என்னிடம் சொன்னது ஒரே வரி.

"ஒப்பரேஷன் செய்யணுமாம் அண்ணி."

அவ்வளவு நேரம் பேசியதெல்லாம் இந்த ஒரு வரிதானா என்று எனக்கு எரிந்தது. என்ன சிரித்தீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள். பின் சீட்டிலிருந்து அந்த இரண்டு தலைகளையும் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரே மாதிரியான காதுகள். இத்தனை வருஷத்தில் அதை நான் கவனித்ததில்லை.

அடுத்த கிளினிக்கில் நானே கேட்பது என்று முடிவு செய்தேன். தலையைத் திறந்தால் அவருக்கு என்னை அடையாளம் தெரியுமா என்று என் அரைகுறைச் சிங்களத்தில் கேட்டுவிட்டேன். டொக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பி, சின்னச் சின்ன வார்த்தைகளாகச் சொன்னார். வெட்டி எடுக்கப்போவது பின்பக்கத்துக் கட்டியை. உடம்பு சாயாமல் நிற்பதைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது, ஞாபகம் இருக்கும் இடம் இல்லை. பிறகு வெட்டிய இடத்துக்கும் முன்னால் இருக்கும் சின்னதுக்கும் மட்டும் குறிபார்த்துக் கரண்ட், அதாவது கதிர்ச் சிகிச்சை, வைப்பார்கள். தலை முழுவதற்கும் வைத்தால் ஞாபகம் மங்கலாம், அதனால் இப்போது அது வேண்டாம். இதெல்லாம் நோயைத் தள்ளிப்போடத்தான், அடியோடு போக்க இல்லை. இதைத்தான் போன தடவையே சொன்னேனே என்றார்.

நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

வெளியே வந்து, அவரைச் சற்றுத் தள்ளி உட்காரவைத்துவிட்டு அவளிடம் கேட்டேன். "ஒங்க அண்ணனுக்கும் இது அப்பவே தெரியுமா?"

"தெரியும் அண்ணி. அன்னைக்கு நீங்க மருந்து எடுக்க வரிசையில நின்னீங்கல்ல, அப்ப ரெண்டு பேரும் அழுதோம். ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னு அண்ணன்தான் சொன்னாரு."

அவர் பிழைக்கமாட்டார் என்பதைவிட, நான் இல்லாமல் அவர்கள் இருவரும் அழுதார்கள் என்பதுதான் அந்த நேரத்தில் என்னை அதிகமாகக் குத்தியது. என் முன்னால் அவர் ஒரு தடவைகூட அழுததில்லை.

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாயாமல் நடந்தார். கரண்ட் வைக்கும்போது தலை அசையாமலிருக்க முகத்தை ஒரு வலைமூடியால் மேசையோடு பிடித்து வைப்பார்களாம். வெளியே வரும்போது கன்னமெல்லாம் கட்டம் கட்டமாகத் தடம் இருக்கும். தங்கை முந்திக்கொள்ளும் முன் நான் போய்க் கையைப் பிடித்துக்கொள்வேன்.

சில மாதங்கள் நன்றாக இருந்தார். பிறகு பேச்சில் வார்த்தைகள் தவறின. புது ஸ்கேனில் பல இடங்களில் சிறு புள்ளிகள். இனி வெட்டவும் முடியாது, குறிபார்த்து வைக்கவும் முடியாது, தலை முழுவதற்கும் கரண்ட் வைக்கலாம், இல்லாவிட்டால் வீக்கம் குறையக் குளிசை போட்டுக்கொண்டு வீட்டிலிருக்கலாம் என்றார்கள். இதைக் கேட்க உள்ளே போன அன்று அவர் தங்கையை வெளியே மர வாங்கில் உட்காரச் சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். டொக்டர் சொன்னதைத் தடுமாறித் தடுமாறி அவரே எனக்குத் தமிழில் சொன்னார். எந்த வார்த்தையையும் விடவில்லை.

"நீ என்ன சொல்ற?" என்று கேட்டார்.

"வீட்டுக்குப் போவோம்ங்க. எங்கள மறந்துட்டு இருக்க வேணாம்."

அவர் தலையாட்டினார். அந்தச் செய்தியைக் கேட்ட வேளையிலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. கதவைத் திறந்தபோது வாங்கிலிருந்து அவள் எங்களைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது.

அவள் லீவு போட்டுவிட்டு வந்து எங்களோடு தங்கினாள். சோறு ஊட்டுவது அவள், பை மாற்றுவது நான் என்று சொல்லாமலே பிரிந்துகொண்டோம். அவள் கேகாலைக்குச் சம்பளம் எடுக்கப் போயிருந்த மழை பெய்த ஒரு காலையில் அவர் போய்விட்டார்.

எட்டாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, கடைசியில் அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டாள். பிளேன்டீ கேட்டார், இரண்டு கரண்டி குடித்தார் என்றேன்.

"வேற ஒண்ணும் கேக்கலயா அண்ணி?"

அவர் அவளைக் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. தேத்தண்ணிதான் கேட்டார். அப்படியே சொன்னேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் வருகிறாள். சாப்பாட்டுக்குப் பிறகு எப்படியாவது பேச்சைத் திருப்பி அதே கேள்வியைக் கேட்கிறாள்.