சன்னலை விழுங்கிய டைல்ஸ்

எங்கள் பக்கத்தில் கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் அறுப்பார்கள். அண்ணன் அப்பாவின் சன்னலை அடைத்ததும் அப்படித்தான்.

பக்கவாதத்தில் பேச்சும் வலப்பக்கமும் போன பிறகு அப்பாவுக்கு மிச்சமிருந்தது முன்னறைச் சன்னல் ஒன்றுதான். அன்னூர் ரோட்டில் போகிற பஸ்ஸையும், நின்று நலம் விசாரித்துவிட்டுப் போகிறவர்களையும் பார்த்தபடி கட்டிலில் கிடப்பார்.

அண்ணன் மகளுக்குப் பெருந்துறையில் சம்பந்தம் கூடி வந்தது. அவர்கள் மில்காரர்கள். வெள்ளையடித்த பழைய சுவரைக் காட்டி அவர்களை வரவேற்க அண்ணனுக்கு வெட்கம். முகப்பு முழுக்கக் கறுப்புக் கிரானைட் சாயலில், முகம் தெரிகிற பளபளப்போடு ஆள் உயர விட்ரிஃபைட் டைல்ஸ் ஒட்ட ஏற்பாடானது. நடுவில் அந்தச் சன்னல் இருந்தால் எலிவேஷன் கெட்டு முகப்பே எடுபடாது என்றார் இன்ஜினியர்.

“அடச்சுப்போடலாமுங்க. அப்பாவுக்கு ஏசி போட்டு, பெரிய டிவி வெச்சுக் குடுத்தரலாமுங்க” என்றார் அண்ணன்.

“அவரு ரோட்டத்தானுங்கண்ணா பாக்கறாரு” என்றேன் நான்.

“அம்மணி, இந்த ஊட்டுல சோத்துக்கு உனக்கு ஏதாச்சும் கொறை வெச்சிருக்கறனா கண்ணு?”

கணவனை இழந்து அண்ணன் வீட்டில் இருக்கிறவளை வாயடைக்க அது போதும்.

நிச்சயத்துக்கு நாள் நெருங்கிவிட்டதால் செங்கல் வைத்துக் கட்டக்கூட இல்லை. சன்னலைப் பெயர்த்த இடத்தில் சிமெண்ட் பலகையைப் பொருத்தி, அதன்மேல் டைல்ஸை ஒட்டினார்கள். அப்பா உள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வெளிச்சம் நின்றுபோனது. டிவியில் யாரோ கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தார்கள்.

நிச்சயத்தன்று அப்பா இருந்த முன்னறைக் கதவை அண்ணன் சாத்தி வைத்துவிட்டார். வந்தவர்கள் வாசலிலேயே நின்று சுவரில் முகம் பார்த்துத் தலை சரிசெய்துகொண்டார்கள். அண்ணனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் வீடு கட்டிய அனுபவம் உள்ளவர்கள் டைல்ஸ் சுவரைச் சும்மா பார்த்துவிட்டுப் போகமாட்டார்கள். உள்ளே சிமெண்ட் நிறைந்திருக்கிறதா என்று விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். சம்பந்தியும் தட்டிக்கொண்டே வந்தார். சன்னல் இருந்த இடத்தில் சத்தம் மாறியது. மறுபடி தட்டினார்.

உள்ளிருந்து பதிலுக்குத் தட்டும் சத்தம் கேட்டது.

“ஏனுங்க, உள்ள ஆரோ இருக்கறாங்களாட்ட இருக்குதுங்க?”

அண்ணன் முகம் மாறவே இல்லை. “பெருச்சாளிங்க. மருந்து வெச்சாச்சுங்க, ரெண்டு நாள்ல போயிருமுங்க. வாங்க, சாப்புடலாம்.”

எல்லோரும் சிரித்தபடி பந்திக்குப் போனார்கள். பெற்ற அப்பனைப் பெருச்சாளி என்ற வாய், அடுத்த நிமிடமே இலைக்கு இலை குனிந்து “இன்னுங்கொஞ்சம் போட்டுக்கங்க” என்று உபசரித்தது. நாசமாய்ப் போக என்று மனதுக்குள் சபித்துக்கொண்டே முன்னறைக்கு ஓடினேன்.

அப்பா கட்டில் விளிம்புக்கு நகர்ந்து, இடது கையால் இன்னும் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார். விரல் முட்டியில் தோல் உரிந்திருந்தது. என்னைக் கண்டதும் கோணிய வாயோடு சிரித்தார். தன்னைப் பார்க்க யாரோ வந்திருக்கிறார்கள் என்ற சிரிப்பு அது. துண்டால் வாயோரத்து எச்சிலைத் துடைத்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிவிடும்படி கையைக் காட்டினார்.