ஏழாவது டிரெய்லருக்குப் போட்ட தகடு

ஐந்தாவது வரை படித்து, எண்ணூரில் பதினோரு டிரெய்லர் லாரிக்கு முதலாளியானவன் நான். ஒரு வண்டி இன்னொரு வண்டியோடு சிக்னலில் பேசி, பக்கத்தில் ஸ்கூட்டர் வந்தால் டிரைவரிடம் கத்தும் பெட்டியை மாட்ட ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள். டிரைவரின் பெயரைக் கேட்காமல் ஸ்குரூவைத் தொடமாட்டார்.

ஏழாவது வண்டியில் பெயரைக் கேட்டதும் சிரித்தார். ஒயரைப் பிடுங்க முடியாதபடி இரும்புத் தகடு வைத்து முறுக்கினார்.

"இதுக்கு மட்டும் இன்னாத்துக்குப்பா தகடு?"

"என் தம்பி மேல வண்டிய ஏத்துனவன் இவன்தான் நைனா. 'பாக்கல'ன்னு சொல்லி தப்பிச்சிக்கினான். இனிமே பொட்டி கத்துனது பதிவாயிடும். அப்பால எப்டி சொல்றான்னு பாக்குறேன்."

வக்கீலுக்கே தோன்றாத அந்தப் 'பாக்கல'வை அந்த டிரைவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அது இவருக்குத் தெரியுமா? இன்றுவரை விளங்கவில்லை. போகும்போது, கேட்காமலே என் காரிலும் ஒரு பெட்டியை மாட்டி, அதே மாதிரித் தகட்டை வைத்து முறுக்கிவிட்டுப் போனார்.