பந்தல்குடி மெலெஷ்கோ

பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார் மெலெஷ்கோ. அந்தப் பெயரைச் சரியாகச் சொல்பவர்கள் ஊரில் பத்துப் பேர் தேறினால் அதிகம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முதல் நாளே நாக்கு வளையாமல் 'மலேசியா' என்று கூப்பிட்டுவிட்டார். அதுவே ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு லோடு லாரிக்காரர்களுக்கும் அவர் மலேசியா அண்ணாச்சிதான். கடலைத் தூத்துக்குடிக் கரையில் நின்று பார்த்ததோடு சரி என்று இருக்கிற மனுஷனிடம், "அங்க மொளகா வத்தல் என்ன வெல விக்குது அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே நிறுத்துப் போடுவார்.

கேலி அவரை உறுத்தியதே இல்லை. உறுத்தியது வேறு. பெற்ற தாய் தங்கம்மாள் ஒரு நாள்கூட அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தூங்கி எழுந்தால் "தம்பி", சோற்றுக்குத் "தம்பி", கோபம் தலைக்கேறினாலும் "தம்பி"தான். சின்ன வயதில் ஒரு தரம் வேண்டுமென்றே மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தார். தங்கம்மாள் கடையைச் சுற்றிச் சுற்றி வந்து, "தம்பீ, தம்பீ" என்று கத்தினார். அந்தச் சத்தத்துக்கு ரோட்டில் போன வேறு நாலு பையன்கள் திரும்பிப் பார்த்தார்களே தவிர, பெயர் வாயில் வரவில்லை.

காரணம் அவருடைய பிறப்பிலேயே இருந்தது.

அது மழையே எட்டிப் பார்க்காத ஒரு சித்திரை. தங்கம்மாளுக்கு வலி கண்டதும் அப்பா இன்பராஜ் ரோட்டில் குறுக்கே நின்று, அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி மறித்தார். நின்றது ஒரு வாடகைக் கார். அதில் ஒரு வெள்ளைக்கார அம்மா. தூத்துக்குடிக்கு வந்த கப்பலின் டாக்டர், மதுரைக் கோயிலைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். இறங்கி வந்து தங்கம்மாளைப் பார்த்தவர், இனி எங்கேயும் போக நேரமில்லை என்று கையைக் காட்டிவிட்டார். கடைக்குப் பின்னால் வத்தல் மூட்டைகளுக்கு நடுவே பிள்ளை பிறந்தது. கழுத்தில் கொடி சுற்றிக் கிடந்தது. அழவில்லை. அந்த அம்மா அதன் வாயில் வாய் வைத்து ஊதி ஊதி உயிரைத் திருப்பினார். நடுநடுவே வத்தல் நெடி தாங்காமல் தும்மினார். "நீ இந்த ஒலகத்துல மொதல்ல கேட்டது அவுக தும்முனதத்தான்" என்று தங்கம்மாள் பிறகு சொல்வார்.

டாக்டரம்மா ஒரு கலர் சோடா மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். பெயர் என்ன என்று இன்பராஜ் டிரைவரிடம்தான் கேட்டார். "மெலெஷ்கோன்னு கூப்பிடுறாக" என்றார் டிரைவர். பிள்ளைக்கு அதே பெயர். பொம்பளை பெயரை ஆம்பளைப் பிள்ளைக்கு வைக்கலாமா என்று சொந்தக்காரர்கள் இழுத்தபோது, "உசிரக் குடுத்தவுக பேரு. இதுல ஆம்பள என்ன, பொம்பள என்ன?" என்று வாயை அடைத்துவிட்டார் இன்பராஜ்.

ஆனால் பிள்ளை எடுத்த மருத்துவச்சிக்குச் சீர் செய்ய வேண்டுமல்லவா? மடிப்புக் கலையாத சேலை, அரிசி, தேங்காய், வெற்றிலை பாக்கு. இன்பராஜ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனபோது கப்பல் போய்விட்டிருந்தது. சேலையோடு திரும்பி வந்த புருஷனைப் பார்த்துத் தங்கம்மாள் அழுதார். அன்றைக்குச் சொன்னதுதான்: "புள்ளையத் தூக்குன கைக்கு ஒரு சேல குடுக்காம, அவுக பேர வாயில போட்டு ஏலே, வாலேன்னு கூப்பிடுவேனா? சீரு குடுத்த பெறகு கூப்பிட்டுக்கிடுதேன்."

கடைக்குப் போர்டு வைத்தபோது இன்பராஜ் மெலெஷ்கோ என்ற பெயரைத் தமிழுக்கு மேலே ஆங்கிலத்தில் பெரிதாக எழுதச் சொன்னார். பந்தல்குடியில் அன்றைக்கு ஆங்கிலம் படித்துச் சாமான் வாங்கியவன் ஒருவனும் கிடையாது. "அந்தம்மா மறுபடி இந்த வழியா போனா கண்ணுல படட்டும்" என்பதுதான் அவர் கணக்கு. அவர் காலமான பிறகும், ரோட்டை அகலப்படுத்தக் கடையைப் பின்னால் தள்ளியபோதும், மெலெஷ்கோ முதலில் மாட்டியது அந்தப் போர்டைத்தான். கடைக்குப் பின்னால் உள்ள அறைக்கு அவர் பூட்டே போட்டதில்லை. பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைத்தாய்ச்சி யாராக இருந்தாலும் உள்ளே போய்க் கால் நீட்டலாம். தனக்கு ஒருவர் செய்ததைத் தான் நாலு பேருக்குச் செய்வதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

வருஷந்தோறும் அவர் பிறந்தநாளன்று தங்கம்மாள் சீருக்கென்று பெட்டியில் வைத்திருக்கும் சேலையை ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுத்துவிட்டுப் புதுச் சேலை வாங்கி வைப்பார். அருப்புக்கோட்டையில் தறி வைத்திருக்கும் ரங்கராஜ்தான் கொண்டுவந்து தருவார். வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழும் பேசுகிறவர், மெலெஷ்கோவுக்கு முப்பது வருஷச் சிநேகிதர். தங்கம்மாளுக்கு எண்பது நெருங்கி, பார்வையும் மங்கத் தொடங்கியதும் மெலெஷ்கோவுக்குள் ஒரு பயம் புகுந்தது. தாய் வாயால் தன் பெயரைக் கேட்காமலே போய்விடுவோமோ என்று.

இந்தச் சித்திரையில் ரங்கராஜ் சேலையோடு வந்து உட்கார்ந்திருந்த நேரம், கடையைத் தாண்டிப் போன ஒரு கார் சட்டென்று நின்று பின்னால் வந்தது. கப்பல்காரர்களை மதுரைக்கு ஏற்றிப் போகும் டிரைவர் அசோக் இறங்கினான். அவனுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பையன் குதித்து இறங்கிப் போர்டுக்குக் கீழே போய் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். சட்டைப் பையிலிருந்து தன் அடையாள அட்டையை எடுத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இவரு பேரும் ஒங்க பேரும் ஒண்ணாம். உக்ரைன்காரரு" என்றான் அசோக்.

மெலெஷ்கோ தராசை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடித் தாயைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். தங்கம்மாள் பையன் முகத்துக்குக் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். "அந்தம்மா மகனா?"

அசோக் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முழுக் கதையையும் சொன்னான். பையன் கேட்டுவிட்டு வருத்தத்தோடு தலையை ஆட்டினான். தனக்குத் தெரிந்து தங்கள் வீட்டில் டாக்டர் யாரும் கிடையாது என்றான்.

தங்கம்மாள் முகம் வாடிப்போனது. "அப்ப இவுக வேற மெலெஷ்கோ. பேரு ஒத்துப்போனா ஆச்சா? நம்ம ஊர்ல எத்தன மாரிசெல்வம் இருக்கான்! ஒருத்தன் சீர இன்னொருத்தன் வாங்க முடியுமா?" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பினார். மெலெஷ்கோ தடுக்கவில்லை. தாய் சொல்வதில் நியாயம் இருந்ததே, அதுதான் அவரைச் சுட்டது.

பையன் விடவில்லை. தன் நெஞ்சைத் தொட்டு, "தாராஸ்" என்றான். அவனுடைய சொந்தப் பெயர் அதுதானாம். மெலெஷ்கோ என்பது குடும்பத்தின் பெயர். எப்போதோ வாழ்ந்த ஒரு பூட்டனை வீட்டில் அப்படிச் செல்லமாகக் கூப்பிட்டார்களாம். அந்தப் பூட்டனின் பிள்ளைகள், அவர்கள் பிள்ளைகள் என்று எல்லாருக்கும் அது பின்னால் வந்துவிட்டது. அவர்கள் கிராமத்தில் பாதி வீடு மெலெஷ்கோதான். ஊரைத் தாண்டினால் அபூர்வம். "அந்தப் பேருக்காரங்கள எங்க கண்டாலும் கூட்டிட்டு வா, ஏதோ ஒரு வழியில நம்ம சொந்தம்னு இவரு அப்பா சொல்லுவாராம்" என்றான் அசோக்.

"அட, இண்டி பேரு!" ரங்கராஜ் எழுந்தே விட்டார். "எங்காளுகளுக்கு இருக்கிற மாதிரி வீட்டுப் பேரு, அக்கா. பாட்டன் பூட்டன் வழியா வாரது."

தங்கம்மாள் நின்றார். "வகையறாப் பேரா அது? அப்ப அந்த மகராசி சொந்தப் பேரு நமக்குத் தெரியவே தெரியாதா?"

ஒரு வகையறாவின் பெயரையே தூக்கி ஒற்றைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு இத்தனை காலம் இருந்திருக்கிறார்கள்! தங்கம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாக்கில் கண்ணும் நிறைந்துவிட்டது.

"மருத்துவச்சி இல்லாட்டி அவ வகையறா வாங்கிக்கிடலாம். அது மொற. தம்பி, தாம்பாளத்த எடு."

சேலை, அரிசி, தேங்காய், வெற்றிலை பாக்கு எல்லாம் தாம்பாளத்தில் ஏறின. "ஒங்க ஆத்தாவுக்குக் குடுங்கய்யா. ஒங்க வகையறா நல்லா இருக்கணும்" என்றார் தங்கம்மாள். தாராஸ் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு குனிந்தான். நிமிரும்போது வத்தல் நெடி ஏறி, ஒன்றன்பின் ஒன்றாகத் தும்மினான்.

"அவுகளும் இப்பிடித்தான்!" என்று தங்கம்மாள் கையைத் தட்டினார்.

சீரைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த டாக்டரம்மாவைப் பற்றி ஊரில் விசாரிப்பதாகச் சொல்லிவிட்டுத் தாராஸ் கிளம்பினான். கார் மதுரைப் பக்கம் மறையும்வரை தங்கம்மாள் வாசலில் நின்றார். மெலெஷ்கோ பாதியில் விட்ட வத்தலை நிறுக்கப் போனார்.

"ஏலே மெலெஷ்கோ, அந்தத் தாம்பாளத்தக் கழுவி உள்ள வையி."

எழுத்துப் பிசகாமல் வந்தது. இத்தனை வருஷமாக மனசுக்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பழகி வைத்திருந்தாரோ என்னவோ. மெலெஷ்கோ வெறும் தாம்பாளத்தைக் கையில் எடுத்தார்.

"ஒன்னத்தான்லே. காது கேக்கலையா?"

கேட்டது. இன்னொரு தரம் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டுமே என்று அவர் பதில் பேசாமல் நின்றார்.