யாரும் கேட்காத ஊரில் ஒரு நிக்காஹ்

என் தம்பியின் நிக்காஹ் வளைகுடாவில்தான் நடப்பதாக இருந்தது. அவனுக்கும் அங்கே வேலை, பெண் வீட்டாருக்கும் அங்கேதான் பிழைப்பு. பெண் வேறு யாருமில்லை, எங்கள் மாமி மகள். எங்களைப் பெற்ற அத்தாவின் ஒரே தங்கைக்குப் பிறந்த பிள்ளை. அவள் தொட்டிலில் கிடந்தபோதே தங்கைக்கு அத்தா வாக்குக் கொடுத்துவிட்டார். எங்கள் கடற்கரைப் பக்கம் அந்த மாதிரி வாக்கை மாற்றினால் அண்ணன் தங்கை உறவே அறுந்துபோகும்.

அந்த நாட்டில் நிக்காஹுக்கு முன்னால் இரண்டு பேரும் ரத்தம் சோதித்துக்கொள்ள வேண்டும். சட்டம். சோதித்தார்கள். இருவர் ரத்தத்திலும் அரிவாள் செல் நோயின் கூறு இருந்தது. இவர்களை அது ஒன்றும் செய்யாது. ஆனால் பிறக்கிற பிள்ளைக்கு இரண்டு பக்கமிருந்தும் வந்துவிட்டால், ரத்த அணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து அங்கங்கே அடைத்துக்கொள்ளும், வலி பிடுங்கித் தின்னும் என்று டாக்டர் உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார். தம்பி போனில் இதைச் சொன்னபோது அவன் குரலே சரியில்லை.

அத்தாவுக்கு வந்ததே கோபம். "நம்ம குடும்பத்து ரத்தத்துல குத்தம் சொல்ல அவன் யாரு? எல்லாரும் கெளம்பி வாங்க, இங்க வச்சு முடிச்சிரலாம். நம்ம ஊர்ல எவனும் ரத்தத்தப் பத்திக் கேக்க மாட்டான்."

நான் மூத்தவள், வாய் சும்மா இருக்கிற ஆளும் இல்லை. "பொறக்கப்போற புள்ளைய நெனச்சுப் பாருங்கத்தா. மாமிக்கிட்ட நானே பேசுறேன்" என்றேன்.

"நல்ல காரியத்துல ஒப்பாரி வைக்காத" என்றார். விடாமல் மறுபடியும் சொன்னேன். நிக்காஹ் முடிகிற வரை என் முகத்தைப் பார்த்து அவர் பேசவில்லை. கறம்பக்குடியிலிருந்து சமையல்காரரை வரவழைத்து ஊரையே கூப்பிட்டுச் சோறு போட்டார். நானும் பந்தியில் ஓடியாடிப் பார்த்துக்கொண்டேன். என்ன செய்ய, கூடப்பிறந்தவனாயிற்றே.

பெண் குழந்தை பிறந்தது. ஒரு வயது ஆவதற்குள் கையும் காலும் வீங்கின. பல் முளைக்கிறது என்றார்கள் வீட்டில். எனக்கு அப்போதே அந்த டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. தம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறான், தாயும் பிள்ளையும் எங்களோடு. மழைக்காலம் வந்தால் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைகிறோம். வலியில் அவள் கத்தமாட்டாள், உதட்டைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். கத்தித் தொலைத்தாலாவது தேவலை என்றிருக்கும் எனக்கு.

இந்த நோய் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருக்கிறது, சான்றிதழ் வாங்குங்கள், படிப்புக்கு உதவும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நல்ல சட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளை துடித்த பிறகு கைகொடுக்கிற சட்டம் இங்கே இருக்கிறது. பிறக்கும் முன்பே எச்சரிக்கிற சட்டம் இருந்த ஊரிலிருந்துதான் இவர்களைப் பிளேன் ஏற்றிக் கூட்டிவந்தோம்.

சான்றிதழுக்காகப் போனபோது அங்கிருந்த டாக்டரம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். "கல்யாணத்துக்கு முன்னாடி டெஸ்ட் எடுக்கலையா? எடுத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமே." அத்தா காகிதங்களை அள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். பிள்ளை அத்தாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

"தாத்தா, எனக்கு இப்படி வலிக்கும்னு யாருக்காச்சும் முன்னாடியே தெரியுமா?"

அவளைப் பெற்றவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தா எதையாவது சொல்லி மழுப்புவார் என்றுதான் நினைத்தேன்.

"தெரியும்மா" என்றார். "எனக்குத் தெரியும்."

அவள் கோபப்படவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவரைத் தேற்றுகிற மாதிரி சொன்னாள்.

"எவ்வளவு வலிக்கும்னு ஒங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க தாத்தா."