பழுப்புக் கொழுப்பைத் தேடிக் குருநகர் வரை

ஜனவரி நடுப்பகுதியில் மூன்று நாள் லீவு போட்டுக்கொண்டு கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போனேன். கோயிலுக்கோ கல்யாண வீட்டுக்கோ இல்லை, விடியற்காலைக் கிணற்றுக் குளிருக்கு. எனக்கு வயது ஐம்பத்துநான்கு. பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் மூன்றுக்குமாக நாளுக்கு நான்கு குளிசை. விழுங்கி விழுங்கி அலுத்துப்போயிருந்த நேரத்தில்தான் பழுப்புக் கொழுப்பைப் பற்றி வாசித்தேன்.

வயிற்றில் தொங்குகிற கொழுப்பு சக்தியைச் சேர்த்து வைக்கும். பழுப்புக் கொழுப்போ உடம்பு குளிர்ந்தால் சீனியையும் கொழுப்பையும் எரித்துச் சூடு தரும். பச்சைக் குழந்தைகளுக்கு நிறைய உண்டு. பெரியவர்கள் சிலருக்குக் கழுத்தடியில் கொஞ்சம் மிச்சமிருக்கும். அது உள்ளவர்களிடம் நீரிழிவும் இதய நோயும் குறைவாகக் காணப்படுகின்றனவாம். காரணம் அதுதானா என்பது இன்னும் உறுதியில்லை என்ற வரியை நான் வேகமாகக் கடந்துவிட்டேன். மனைவியிடம் சிநேகிதனைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். குளிசைகளை வேண்டுமென்றே அலுவலக மேசை லாச்சியில் விட்டுவிட்டேன்.

ரயிலில் நானூறு கிலோமீற்றர், எட்டு மணித்தியாலம். இடுப்பு விட்டுப்போயிற்று. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு லொட்ஜில் தங்கினேன், நாளுக்கு நாலாயிரம் ரூபாய். மறுநாள் காலை ஐந்தரைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய் முதல் வாளியைத் தலையில் ஊற்றினால், தண்ணீர் வெதுவெதுப்பு! பல் விளக்கிக்கொண்டு நின்ற லொட்ஜ்காரர் சிரித்தார். மார்கழி, தையில் விடியக் கிணற்றுத் தண்ணீர் இப்படித்தான் இருக்குமாம். இது தெரியாமல் இவ்வளவு தூரம் வந்த என்னை என்ன சொல்வது?

அதோடு விட்டிருக்கலாம். ஐஸ் வேண்டுமென்றால் மீன்பிடிக் கரையான குருநகருக்குப் போகவேண்டும் என்று அவர் பகிடியாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். ஒன்பது மணிக்குப் பலாலி வீதியில் பஸ், யாழ் நகர் வரை நாலு கிலோமீற்றர், ஐம்பது ரூபாய். அங்கிருந்து கரைக்கு ஓட்டோ முந்நூறு.

படகுகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கிற கொட்டில் ஒன்று. அங்கே வேலை செய்த அன்ரனுக்கும் என் வயதுதான் இருக்கும். ஐஸ் பெட்டிக்குள் கொஞ்ச நேரம் கை வைத்திருக்கலாமா என்று கேட்டேன். ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சரியென்றார். பத்து நிமிடம் என்று நினைத்து முழங்கை வரை புதைத்தேன். நாலாவது நிமிடம் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கியதுபோல் இருந்தது. அன்ரன் என் கைகளை இழுத்தெடுத்து, மீன் பெட்டியொன்றைக் கவிழ்த்து அதில் இருத்தினார். பயந்துபோய், வந்த காரணத்தையும் என் நோய்களையும் சொல்லிவிட்டேன்.

“இருவது வருசமா உந்தக் குளிருக்கைதான் நிக்கிறன்,” என்றார் அன்ரன். “போன வருசம் எனக்கு நெஞ்சிலை ஸ்டென்ட் வைச்சவங்கள். நீங்கள் குளிசையை விட்டிட்டோ வந்தனியள்?”

“ஓம்.”

“வீட்டிலை தெரியுமோ?”

நான் ஈரக் கைகளைத் துடைத்துக்கொண்டேன். அவர் சேட்டுப் பையிலிருந்து பொலித்தீனில் சுற்றிய தன் குளிசைகளை எடுத்துக் காட்டினார். ஐஸ் தண்ணீர் படாமல் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். பிறகு வேலையைப் போட்டுவிட்டு ஓட்டோ பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

மாரடைப்பு இல்லை. குளிரில் இரத்தக் குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும், குளிசையையும் நிறுத்திவிட்டு இதைச் செய்திருக்கிறீர்களே என்று டொக்டர் சலித்துக்கொண்டார். அவரைவிட நான் களைத்திருந்தேன்.

யாழ்ப்பாணம் போகிறவர்கள் ஜனவரியில் போங்கள், வெயில் இதம். ரயிலுக்கு முன்பே பதிந்துவிடுங்கள். இதயக் கோளாறு உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் குளிரோடு விளையாட வேண்டாம். குளிசையைக் கைப்பையில் வையுங்கள்.

நான் எழுதுவதையெல்லாம் முதலில் வாசிப்பவள் என் மனைவி. அன்ரன் கேட்ட கேள்விக்கு இன்றுதான் என்னால் பதில் சொல்ல முடிகிறது. இப்போது வீட்டில் தெரியும்.