இறக்கத்தில் அணையும் இஞ்சின்

எங்கள் ஊரான பூதப்பாண்டியின் வாடகைக் கார் டிரைவர் மெலிந்த மனிதர். எடை குறைந்து பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று காரின் கூரைமேல் சாமான் வைக்கும் கம்பிகளைக் கழற்றிவிட்டிருந்தார். ஆக்சிலேட்டர் அளவுக்கு மேல் அமுங்கிவிடாதபடி செருப்பில்லாத காலால்தான் மிதிப்பார். இறக்கம் வந்தால் இஞ்சினை அணைத்து உருளவிடுவார்.

என் மனைவிக்குப் பிரசவ வலி கண்டபோது அவர்தான் எங்களை நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அன்று எந்த இறக்கத்திலும் இஞ்சின் அணையவில்லை.

"அணைக்கல்லியா அண்ணாச்சி?" என்றேன்.

"மிச்சம் பிடிச்சது பின்ன எதுக்கு? நீரு அவ கையப் பிடியும்."

குழந்தையோடு திரும்பும்போது முதல் இறக்கத்திலேயே அணைத்தார்.

"மறுபடியும் மிச்சம் பிடிக்கேரோ?" என்று சிரித்தேன்.

"மெதுவாப் பேசும். பிள்ள உறங்குகு."

பெட்ரோலுக்குத்தான் அணைத்திருப்பார் என்றே நினைத்தேன். ஆனால் இறக்கம் முடிந்து, சமதளத்தில் கார் தானாக நின்ற பிறகும், அவர் இஞ்சினைக் கிளப்பாமல், உறங்கும் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.