எங்க எடத்துல கரண்டே போகாது

வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கலையே நான்.

பிள்ளைப்பாக்கத்துல நான் குடியிருந்த வீட்டுக்காரம்மாவை அக்கான்னுதான் கூப்பிடுவேன். பவர்கட் பாடாப் படுத்தின காலம். அவங்க பொண்ணு ஒண்ணாங்கிளாஸ், அதுக்கு வீசிங். மூச்சு இழுக்க ஆரம்பிச்சா மருந்தை ஆவியாக்குற மிஷினை மாட்டணும், அந்த மிஷினுக்கு கரண்ட் வேணும். ஒரு நாள் அக்கா அட்டையால விசிறிக்கிட்டே புலம்பினப்ப, பெரிய பருப்பு மாதிரி சொன்னேன்: "எங்க எடத்துல கரண்டே போகாதுக்கா."

பொய் இல்ல. யார் யாரோட இன்டர்நெட்டையெல்லாமோ தாங்குற சர்வருங்க அடுக்கின கட்டடம் அது. கரண்ட் போனா பேட்டரி தாங்கும், அது இறங்குறதுக்குள்ள ஜெனரேட்டர் எடுத்துரும். அது மக்கர் பண்ணினா இன்னொண்ணு நிக்கும். இதையெல்லாம் கட்டி மேய்க்கிறதுதான் எனக்குச் சம்பளம்.

ஒரு மத்தியானம் கேட்ல இருந்து செக்யூரிட்டி போன் பண்ணினாரு. போய்ப் பார்த்தா அக்கா. இடுப்புல பொண்ணு, கையில ஒயர் கூடை, கூடைக்குள்ள மிஷின். வீட்டுல கரண்ட் இல்ல, அவங்க வீட்டுக்காரர் இருங்காட்டுக்கோட்டையில ஷிப்டுல இருக்காரு. பொண்ணுக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ள போய் உள்ள போய் வந்துச்சு.

பாஸ் இல்லாம யாரையும் உள்ள விட முடியாது. சரின்னு செக்யூரிட்டி கேபின்லயே பிளக்கைச் சொருகினேன். மிஷின் கம்முனு கெடந்துச்சு. அப்பதான் எனக்கு உறைச்சுது, கேபினுக்கு ஜெனரேட்டர் லைனே கிடையாதுன்னு. மேனேஜருக்குப் போன் போட்டு, உள்ள இருந்து ஒரு ஒயர் இழுத்துக்கட்டுமான்னு கெஞ்சினேன். கேபின் நம்ம லோடே இல்லப்பா, எதுலயும் கை வைக்காதேன்னு கட் பண்ணிட்டாரு. லோடுன்னா எங்க பாஷையில, கண நேரம்கூட கரண்ட் போகக் கூடாத சாமான். சர்வர் லோடு. அதைக் குளிர வைக்கிற ஏசியும் லோடு. மனுஷன் உட்கார்ற கேபின் லோடு இல்ல.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர் தடதடன்னு கத்திக்கிட்டிருந்துச்சு. அக்கா அந்தப் பக்கமே பார்த்தாங்க.

"ஜெனரேட்டரு ஓடிக்கினுதானே கீது தம்பி?"

"அது கம்ப்யூட்டருக்குக்கா."

சொல்லும்போதே நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. திட்டியிருந்தாக்கூட தேவலை. அவங்க பொண்ணு முதுகைத் தடவிக் குடுத்துக்கிட்டிருந்தாங்க.

எதிர்த்தாப்புல டீக்கடைக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கிட்டே இருந்தவரு, பொண்ணை இங்க கூட்டியாம்மான்னு கூப்பிட்டாரு. அவர்கிட்ட இருந்தது ஒரு ஃபேன் ஓடுற அளவுக்கு ஒரு பழைய இன்வர்ட்டர். ஃபேனை நிறுத்திட்டு மிஷினைச் சொருகினாரு. ஓடுச்சு. வேர்த்துக் கொட்டக் கொட்ட டீ ஆத்தினாரு மனுஷன். கொஞ்ச நேரத்துல பொண்ணுக்கு மூச்சு சீராச்சு.

அக்கா என் பக்கம் திரும்பி, நெஜமான அக்கறையோட சொன்னாங்க:

"நீ போ தம்பி. அங்க கரண்டு கிரண்டு போயிடப் போவுது."

போனேன். உள்ள ஏசி குளிருக்குக் கைகால் விறைச்சுது, மூஞ்சி மட்டும் எரிஞ்சுது.

அதுக்கப்புறமும் பொண்ணுக்கு மூச்சு இழுத்தா அக்கா அந்த ஒயர் கூடையோட வருவாங்க. எங்க கேட்டுப் பக்கம் திரும்பாம, நேரா டீக்கடைக்குப் போவாங்க.